இந்தக் காட்டில் வாயை மூடாதீங்க!

காட்டுக்குள் சத்தம் போடக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில் கதையே வேறு! கோடையில் ஸ்விஃப்ட்கரன்ட், ஜோசஃபின் ஏரிகளைப் படகில் கடந்து, கிரின்னல் ஏரிக்கு வழிகாட்டியோடு காட்டுவழியே நடக்கலாம். வளைவு வந்தால் கைதட்டி, குரல் கொடுத்துத்தான் போகணும்.

ஏன்? அது கிரிஸ்லி கரடிகளின் வீடு. நாம் வருவது முன்பே கேட்டால் பெரும்பாலும் அவையே விலகிவிடும். திடீரென எதிரில் போய் நின்றால்தான் ஆபத்து. குட்டி கூட இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கரடியிடமிருந்து 91 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. கிட்டத்தில் பார்த்துவிட்டால் ஓடாமல், மெதுவாகப் பின்வாங்கணும். மிளகாய்க் காரம் அடைத்த கரடி ஸ்ப்ரே பைக்குள் தூங்கக் கூடாது, இடுப்பிலேயே இருக்கணும்.

செல்ஃபியா? ஏரியோடு நிறுத்திக்கோங்க மக்களே!