சத்திரசிகிச்சைக்குப் பின் சலக்குழாய்: அவஸ்தையைக் குறைப்பது எப்படி?



கர்ப்பப்பை அகற்றுதல் போன்ற பெரிய சத்திரசிகிச்சைகளின்போது 'கதீற்றர்' எனப்படும் சலக்குழாய் போடப்படுவது வழமை. முழு மயக்கத்தில் இருக்கும்போதே அது உள்ளே செலுத்தப்படுவதால், கண் விழித்ததும் பலர் திடுக்கிடுகிறார்கள். "சலம் முட்டுகிறது, எழும்ப விடுங்கள்" என்று அந்தரப்படுவார்கள். அடிவயிறு இறுகும், எரியும். வெட்டுக் காயத்தை விட இதுவே பெரிய வேதனையாகத் தோன்றும். வெட்கத்தால் வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொள்வோரும் உண்டு.

இது ஏன் ஏற்படுகிறது? குழாய் நழுவாதிருக்க அதன் நுனியில் ஒரு சிறு பலூன் இருக்கிறது. உள்ளே போனதும் ஏறத்தாழ 10 மில்லிலீற்றர் நீரால் அது நிரப்பப்படும். சலப்பையின் அடிப்பகுதி உணர்ச்சி மிக்க இடம். பலூன் அங்கே உராயும்போது சலப்பைத் தசை தானாகவே சுருங்குகிறது. பை வெறுமையாக இருந்தாலும் நிறைந்தது போன்ற உணர்வு வருவது இதனாலேயே. ஆண்களுக்கும், 18ஆம் இலக்கம் அல்லது அதற்கு மேற்பட்ட தடித்த குழாய் போடப்பட்டவர்களுக்கும் இது அதிகம்.

முன்கூட்டியே செய்யக்கூடியவை:

1. சத்திரசிகிச்சைக்கு முதல் நாளே, "எனக்குச் சலக்குழாய் போடுவீர்களா? எப்போது எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். விழித்ததும் இப்படி ஓர் உணர்வு வரும் என்று தெரிந்திருந்தாலே பாதிப் பதற்றம் குறையும்.

2. பெண் தாதி ஒருவரே போடட்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

3. சலப்பையின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்துகள் உண்டு. அவற்றை வைத்தியரே தீர்மானிப்பார். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

விழித்த பின்:

குழாய் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அசைந்து இழுபட்டால் வேதனை கூடும். அது மடிந்தோ உடம்புக்கு அடியில் நசுங்கியோ இருக்கக் கூடாது. சலம் சேரும் பை எப்போதும் சலப்பையை விடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். நிலத்தில் படக் கூடாது. முக்கித் தள்ளாமல், மெதுவாக மூச்சு விட்டு உடம்பைத் தளர்த்துங்கள். வேதனை தாங்க முடியாவிட்டால் தாதியிடம் சொல்லுங்கள். நீங்களாகக் குழாயை இழுக்கவே வேண்டாம். விரிந்த பலூன் சலவழியைக் கிழித்துவிடும்.

பையில் சலம் இறங்காமல் அடிவயிறு வீங்கினாலோ, இரத்தக் கட்டிகள் வந்தாலோ, காய்ச்சல் நடுக்கம் கண்டாலோ உடனே அறிவியுங்கள். தேவை முடிந்ததும் குழாயை எடுப்பதே நல்லது; நாட்கள் கூடக் கூடக் கிருமித் தொற்றும் கூடும். எடுத்த பின் முதல் ஓரிரு தடவை சற்று எரியலாம். சலம் போகாவிட்டால் மறைக்காதீர்கள்.

குழாய் இருக்கிறதே என்று தொழுகையை விட்டுவிட வேண்டியதில்லை. தொடர்ந்து சலம் வெளியேறும் நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி, நேரம் வந்த பின் ஒவ்வொரு பர்ளுக்கும் வுழூச் செய்து, இயன்றவாறு இருந்தோ படுத்தோ தொழலாம். தண்ணீர் பாவிக்க முடியாதவர்களுக்குத் தயம்மும் இருக்கிறது. விபரங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உம்மாவையோ கணவரையோ வைத்தியசாலையில் பராமரிக்கும் சகோதரிகளே! நோயாளி "சலம் முட்டுகிறது" என்றால், "குழாய்தான் இருக்கிறதே" என்று அதட்டாதீர்கள். அந்த வேதனை உண்மையானது. குழாயைப் பாருங்கள், தாதியைக் கூப்பிடுங்கள், ஆறுதல் சொல்லுங்கள். நோயாளர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவைத் தந்தருள்வானாக!