மறம் எனும் சொல்லுக்கு நேர்ந்த மாசு

மறம் என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, பகைகண்டு அஞ்சாத் திண்மை. மற்றொன்று, அறத்தின் மறுதலையாகிய தீவினை. உயர்வையும் இழிவையும் ஒரே சொல் சுட்டுவது யாங்ஙனம்? வாளெடுத்தல் இருவர்க்கும் பொது. எதன்பொருட்டு எடுத்தான் என்பதே ஒருவனை மறவனாக்குகின்றது, மற்றொருவனைக் கொலைஞனாக்குகின்றது. அவ்வெல்லைக்கோடு இன்று கைப்பேசித் திரையில் அழிக்கப்பட்டு வருகின்றது.

2018-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில், சென்னைக்கு அணித்தேயுள்ள மலையம்பாக்கத்தில், கொலை முதலிய வழக்குகளில் தேடப்பட்டு வந்த ஒருவன் தன் பிறந்தநாள் அணிச்சலை அரிவாளால் வெட்டினான். வாழ்த்தத் திரண்டோருள் 70-க்கு மேற்பட்டோரைக் காவல்துறை வளைத்துப் பிடித்தது. அதனோடு அக்கூத்து ஒழிந்ததா? இல்லை. அரிவாளால் அணிச்சல் வெட்டுவதும், அதைப் படம்பிடித்துப் பரப்புவதும், அதனால் இளைஞர் சிறைப்படுவதும் பின்னரும் தொடர்ந்தன. கொலைஞன் படத்தோடு திரைப்பாடலைக் கூட்டி, ‘மாஸ்’ எனத் தலைப்பிட்டு உலவ விடுகின்றனர். மீசை அரும்பாச் சிறுவரும் அதற்கு விருப்பக்குறி இடுகின்றனர். ‘மாஸ்’ என்னும் அயற்சொல்லை அவர்கள் கடன் வாங்கியது, அச்செயலைப் புகழத் தமிழ் ஒரு சொல்லும் தர மறுத்தமையாற் போலும்!

ஊடகப் பொறிக்கு அறமும் தெரியாது, மறமும் தெரியாது. எதனைப் பலர் பார்க்கின்றனரோ அதனையே அது மேன்மேலும் கண்முன் நிறுத்தும். விரும்பிப் பார்ப்பினும் வெறுத்துப் பார்ப்பினும் அதற்கு ஒன்றே. ஆதலின், கண்டிப்பதாக எண்ணிப் பகிர்வோரும் அவன் புகழுக்குப் பந்தம் பிடிப்போரே ஆகின்றனர்.

“அவன் ஏழைகட்கு உதவினான், எம் சாதியின் காவலன்” எனப் பரிந்து பேசுவோரும் உளர். கொலையுண்டவனுக்கும் ஒரு தாய் உண்டு. அவள் கையிலும் ஒரு கைப்பேசி உண்டு. தன் மகனைக் கொன்றவன் வாழ்த்துப்பாட்டோடு அவள் திரையிலும் வந்து நிற்கின்றானே, அதற்கு அவர்கள் கூறும் விடை யாது?

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உளது. எருமைகளைக் காக்கப் பொருது மாண்ட கருந்தேவக்கத்தி என்பானின் பெயர் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் உருவும் பெயரும் உடன் உள. அக்கள்வரின் பெயர்? இல்லை! நாய்க்குக் கல்லில் இடந்தந்த தமிழன், கள்வனுக்கு ஓர் எழுத்தும் தந்தானல்லன்.

இந்நெறி பழங்கல்லோடு முடிந்ததுமன்று. தமிழர்க்கு மட்டும் உரியதுமன்று. 2019 மார்ச்சு 15 அன்று, நியூசிலாந்தின் கிறைசுட்சர்ச்சு நகரில் இரு பள்ளிவாசல்களில் தொழ வந்தோரை ஒருவன் சுட்டான். 51 பேர் மாண்டனர். அக்கொடுமையை அவன் முகநூலில் நேரலையாகக் காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அக்காணொலியின் 15 இலக்கம் படிகளை அந்நிறுவனம் தடுத்தும் நீக்கியும் ஆகவேண்டியதாயிற்று. அந்நாளில் தலைமையமைச்சராயிருந்த யசிந்தா ஆர்டர்ன், கொலைஞன் பெயரைத் தாம் உரைக்கப் போவதில்லை என நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மாண்டோர் பெயர்களையே சொல்லுமாறு மக்களை வேண்டினார். கொலைஞன் கேட்ட கூலி புகழ். அக்கூலியை அவர் கொடுத்தாரல்லர். எடுத்தனூர்க் கல் செய்ததும் அதுவே.

தமிழ் காக்க முனைவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறமொழிச் சொல்லைக் களைவது மட்டுமே மொழித்தூய்மை ஆகிவிடாது. சாதிவெறியில் உயிர்பறித்தவனைப் பழுதற்ற தனித்தமிழில் வாழ்த்தினும், அவ்வாழ்த்து அழுக்கே. அத்தகைய படங்களைப் பகிரற்க, பார்க்கவும் வேண்டா. வகுப்பறையில் ஆசிரியரும் இல்லத்தில் பெற்றோரும், மறத்தின் இரு பொருளையும் பிள்ளைகட்குப் பிரித்துக் காட்டுக. ஒரு பெயரைச் சொல்லியே ஆகவேண்டுமெனின், மாண்டவன் பெயரைச் சொல்லுக. காத்தவன் பெயரைச் சொல்லுக. கொன்றவன் பெயர் வழக்குமன்ற ஏட்டில் கிடக்கட்டும்!