அக்னி நட்சத்திரத்தில் ஃபிளாட் பார்க்கலாம்

சென்னையில் ஃபிளாட் வாங்க நினைப்பவர் அக்னி நட்சத்திரத்தில், பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடென்றால் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஏசிக்கு எவ்வளவு கரண்ட் பில் வரும் என்று புரிந்துவிடும். புரோக்கர் கிச்சன் டைல்ஸைக் காட்டிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் கீழே இறங்கி, வாரத்துக்கு எத்தனை லாரி தண்ணீர் வருகிறது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். 2019 கோடையில் ஓஎம்ஆரின் பெரிய பெரிய குடியிருப்புகளே லாரிக்குக் காத்துக்கிடந்தன. விற்பவருக்கோ வேறு கவலை: ஆடி பிறந்துவிட்டால் பலர் பத்திரப் பதிவுக்கு வரமாட்டார்கள். பேரத்துக்கு அக்னி நட்சத்திரத்தைவிட நல்ல நேரம் ஏது? வெள்ளக் கதையை மட்டும் மே மாத வெயில் சொல்லாது. 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று தரைத்தளத்துக்காரரிடம் விசாரியுங்கள். அவரும் வீட்டை விற்கிற யோசனையில் இல்லையென்றால் உண்மையைச் சொல்வார்.