மண்சரிவு யாருடைய பாவம்?

மலை சரிந்து உயிர்கள் போனால், "செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை" என்று சொல்ல எம்மிடையே ஆட்கள் உண்டு. வீட்டையும் தோட்டத்தையும் இழந்து வந்து நிற்கும் குடும்பத்தின் காதில் இச்சொல் விழுந்தால் அது இரண்டாவது சரிவு.

இயேசுவின் காலத்திலும் இப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டார்கள். மாண்டவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). பின்னர், கேட்டுக்கொண்டு நின்றவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். செத்தவர்களின் பாவத்தை எண்ணுவதை விட்டு, உயிரோடிருப்பவர்கள் தங்கள் வழியை மாற்ற வேண்டும் என்பதே இதன் பொருள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் அம்மக்கள் எங்கே போவார்கள்? தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் ஒரு சாண் நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை. 1948இல் குடியுரிமையே பறிபோன சமூகம் அது; நாட்டில் நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தோர் அதைப் பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மீரியபெத்தவில் தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தது 2016இல். பாவத்தைத் தேடுவோர் லயத்துக்குள் தேட வேண்டாம். ஆபத்து தெரிந்தும் மாற்றிடம் கொடுக்காத கைகளில் தேடட்டும்.

ஆண்டவர் மன்னிக்கிறவர், அதற்கு அவர் விலை கேட்பதில்லை. ஆனால் அயலவருக்குள்ள கடன் அதனால் தள்ளுபடியாவதில்லை. இயேசு சக்கேயுவின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். அந்த அன்பைக் கண்ட சக்கேயு, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பவும் முன்வந்தான். மனமாற்றம் என்பது இதுதான்.

ஆகவே, இழந்தவர்களிடம் போய் "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று முதலில் சொல்வது முறையல்ல. பாதுகாப்பான காணியையும் அவர்கள் பெயரில் உறுதியையும் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கட்டும். உரிமையைக் கேட்பவரை மன்னிக்கத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இந்த அழைப்பு எமக்குள்ளும் வரவேண்டும். நிவாரணப் பட்டியலில் அயலவரின் பெயரை விட்டவர் அதைச் சேர்க்கட்டும். பொதுத் தண்ணீரைத் தன் பாத்திக்கு மட்டும் திருப்பியவர் மறுபடி திறந்துவிடட்டும். கோயிலில் முழந்தாளிட்டது அப்போதுதான் நிறைவுபெறும்.

மழை இரவுகளில் உறங்காதிருக்கும் குடும்பங்களே, மலை சரிந்தது உங்கள் பாவத்தால் அல்ல. ஆண்டவர் உங்கள் பக்கம் நிற்கிறார். நீங்கள் தலைநிமிர்ந்து கேளுங்கள்.