பாஸிம் யூஸுபும் எமது பிள்ளைகளின் நாடகமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் நடந்த பாடசாலை நிகழ்ச்சியில் தரம் பத்துப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். ஒரு பிரமுகர் வருகிறார். ஒரே கானுக்கு மூன்று தடவை அடிக்கல் நடுகிறார். ஒவ்வொரு தடவையும் மாலை, போட்டோ, பேச்சு. கான் மட்டும் வரவில்லை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கப்பட்டது. ஆசிரியர்களாகிய நாமும் அந்த அறையில்தான் இருந்தோம். "சின்னப் பிள்ளைகள்தானே, விடுங்க சேர்" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இது எமது ஊரில் மட்டும் நடப்பதல்ல. நம் வீடுகளில் பார்க்கும் ஸீ தமிழில் 2022 ஜனவரியில் இரண்டு சிறுவர்கள் ராஜா மந்திரி வேஷத்தில் நடித்தார்கள். பிரதமர் மோடியைக் கிண்டல் செய்கிறார்கள் என்று பாஜகவினர் முறையிட்டார்கள். டில்லியிலிருந்து அமைச்சே விளக்கம் கேட்டு அந்தச் சேனலுக்குக் கடிதம் அனுப்பியது. அந்தச் செய்தியைப் பார்த்து "இந்தியாவில் ஜனநாயகம் செத்துவிட்டது" என்று ஸ்டேடஸ் போட்டவர்கள் நாம்தான்.

எமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் கதைக்கு வருவோம். எகிப்தின் பாஸிம் யூஸுப். இருதய சத்திரசிகிச்சை நிபுணர். 2011 புரட்சியின்போது தஹ்ரீர் சதுக்கத்தில் காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டியவர். அதன் பிறகு தன் வீட்டில் உடுப்புக் கழுவும் அறையில் கெமராவை வைத்து யூடியூபில் அரசியல் பகிடி பேசத் தொடங்கினார். அமெரிக்காவின் ஜோன் ஸ்டுவர்ட்டைப் பார்த்துப் பழகிய பாணி. சில மாதங்களிலேயே தொலைக்காட்சி அவரைக் கூப்பிட்டது. 'அல்-பர்னாமஜ்' அரபுலகம் முழுக்கப் பார்க்கும் நிகழ்ச்சியானது.

அப்போது ஆட்சியில் இருந்தவர் ஜனாதிபதி முர்ஸி. பாஸிம் அவரை விட்டுவைக்கவில்லை. பாகிஸ்தானில் கௌரவப் பட்டம் வாங்கும்போது முர்ஸி அணிந்த தொப்பியைப் போல இன்னும் பெரிதாக ஒன்றைச் செய்து போட்டார். ஜனாதிபதியையும் இஸ்லாத்தையும் அவமதித்தார் என்று 2013 மார்ச்சில் பிடியாணை வந்தது. விசாரணைக்குப் போகும்போதும் அதே தொப்பிதான். 15,000 எகிப்திய பவுண் பிணையில் விட்டார்கள்.

அந்த நேரம் நம்மில் பலர் கல்வியியற் கல்லூரி விடுதியில் இருந்தோம். இரவு முழுக்க இதே வாக்குவாதம். "தாடியைக் கேலி பண்ணுபவன், தீனின் எதிரி" என்று நாம்தான் எழுதினோம், பகிர்ந்தோம். சூரா அல்ஹுஜுராத்தில் பிறரைப் பரிகசிப்பதைத் தடுக்கும் வசனத்தையும் ஆதாரமாகக் காட்டினோம். அந்தத் தடை ஆட்சியாளனின் பொய்யைச் சுட்டிக்காட்டுவதையும் சேர்த்துத்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. உலமாக்கள்தான் அதை விளக்க வேண்டும். நமது கேள்வி வேறு.

2013 ஜூலையில் இராணுவம் முர்ஸியைக் கவிழ்த்தது. ஓகஸ்டில் ரபாஆ சதுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி பாஸிம் பேசியது போதாது என்ற மனக்குறை நம்மில் பலருக்கு இன்றும் உண்டு. நியாயமான மனக்குறைதான். ஆனால் ஒக்டோபர் கடைசியில் திரும்பி வந்த அவர், ஸீஸிக்குப் பின்னால் சனம் பித்துப் பிடித்து ஓடுவதைக் கிண்டல் செய்தார். ஸீஸியின் முகம் போட்ட சொக்லேட் கூட விற்பனைக்கு வந்திருந்த காலம் அது. ஒரே ஒரு நிகழ்ச்சிதான் போனது. அடுத்ததை ஒளிபரப்பாமல் சேனலே நிறுத்தியது. வேறு சேனலுக்கு மாறினார். 2014 ஜூனில் அதுவும் முடிந்தது. பிறகு நாட்டை விட்டே போனார்.

முர்ஸி காலத்தில் வழக்கு வந்தது, ஆனால் நிகழ்ச்சி போய்க்கொண்டே இருந்தது. முர்ஸியைக் கிண்டல் செய்தபோது கைதட்டியவர்களில் பலர் ஸீஸியின் முறை வந்ததும் அவரைத் துரோகி என்றார்கள். நாம் என்ன செய்தோம்? "வேணும் அவனுக்கு" என்றோம்.

பத்து வருடம் கழித்து 2023 ஒக்டோபர். பியர்ஸ் மோர்கனின் நிகழ்ச்சியில் காஸாவைப் பற்றி அதே மனிதர், அதே கிண்டலோடு பேசினார். மனைவியின் குடும்பம் அப்போது காஸாவில் இருந்தது. அந்த வீடியோ வராத வட்ஸ்அப் குரூப் நம்மிடம் ஒன்றாவது இருந்ததா? "சிங்கம்" என்றோம், "மாஷா அல்லாஹ்" என்றோம். 2013இல் எழுதியதை எவரும் அழிக்கவும் இல்லை. போய்ப் பாருங்கள், டைம்லைனில் அப்படியே இருக்கும்.

பிரித்தானியாவில் கதை வேறு. 1984 முதல் 1996 வரை 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்ற நிகழ்ச்சி தட்சரை ஆண்களின் கோட் சூட் போட்ட ரப்பர் பொம்மையாகக் காட்டியது. எவரும் அதை இழுத்து மூடவில்லை. இன்னொரு நிகழ்ச்சிக்கு வருவதாகச் சொல்லிக் கடைசி நேரத்தில் வராமல் விட்டார் தொழிற்கட்சியின் ரோய் ஹெட்டர்ஸ்லி. 1993இல் அவருடைய கதிரையில் ஒரு டப்பா கொழுப்பை வைத்து நிகழ்ச்சியை நடத்தினார்கள். (பன்றிக் கொழுப்புத்தான், மன்னிக்கவும்.) ஆனாலும் பாராளுமன்ற வீடியோவை நகைச்சுவைக்குப் பாவிக்கக் கூடாது என்று அங்கேயும் ஒரு விதி இருக்கிறது. அதனால் ஜோன் ஸ்டுவர்ட்டின் ஒரு நிகழ்ச்சியை 2011இல் அங்கு காட்ட முடியாமல் போனது.

ரஷ்யாவிலும் 'குக்லி' என்று பொம்மை நிகழ்ச்சி ஒன்று இருந்தது. யெல்ட்சின் காலத்தில் வழக்குப் போட்டார்கள், பிறகு கைவிட்டார்கள். புட்டின் வந்த பிறகு அவருடைய பொம்மையை எடுக்கச் சொல்லி நெருக்கினார்கள் என்று அதன் எழுத்தாளர் ஷெண்டெரோவிச் சொன்னார். 2001இல் அரசுக் கம்பனியான காஸ்ப்ரொம் சேனலையே கையில் எடுத்தது. அடுத்த வருடம் பொம்மைகள் போய்விட்டன. அமெரிக்காவில் 2006இல் புஷ்ஷை அருகில் வைத்துக்கொண்டே ஸ்டீவன் கோல்பர்ட் அவரைக் கிழித்தார். அதே நாட்டில் 2025இல் ஒளிபரப்பு ஆணைக்குழுவின் தலைவர் எச்சரித்த உடனேயே ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியைச் சேனல் சில நாட்கள் நிறுத்தியது. சனம் சத்தம் போட்ட பிறகுதான் திரும்பி வந்தது. எந்த நாடும் இதில் சுத்தமில்லை.

இலங்கையில் நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2019இல் ஹசலகவில் நமது சகோதரி ஒருவரை, உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி ஐசிசிபிஆர் சட்டத்தின் கீழ் உள்ளே போட்டார்கள். மேடையில் நகைச்சுவை பேசிய நதாஷா எதிரிசூரியவை 2023இல் கைது செய்ததும் அதே சட்டம்தான். முதலாவதற்கு அழுதோம். இரண்டாவதற்கு "புண்படுத்தினால் அப்படித்தான்" என்று எழுதியவர்கள் நம்மிலும் இருந்தார்கள். நதாஷாவின் பகிடி நமக்குப் பிடிக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்கு நமது வீட்டு முகவரியும் தெரியும்.

பிள்ளைகளின் மன்னிப்புக் கடிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது. "பெரியவர்களை மதிக்கத் தவறினோம்" என்று ஐந்து பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, திங்கட்கிழமை காலை பாடசாலை தொடங்க முன்னர் நாம் நான்கு ஆசிரியர்கள் அதிபரைச் சந்திக்கிறோம். அந்த ஐந்து பிள்ளைகளின் உம்மா வாப்பாமாரும் வந்தால் நல்லது. வரக்கூடியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.