உடைந்த திசைகாட்டிக் கை



ஜார்ஜ்டவுனில் என் தந்தையார் விட்டுச்சென்ற 1958ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் மகிழுந்தைச் சீரமைத்து வருகிறேன். திரும்பும்போது கதவோரத் தூணிலிருந்து வெளியே நீளும் திசைகாட்டிக் கை உடைந்துள்ளது. 1961இல்தான் அக்கைக்குப் பதிலாகச் சிமிட்டும் விளக்கு வந்தது.

"விளக்கையே வைத்துவிடுவோம், டீச்சர், யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார் பட்டறைக்காரர்.

எனக்குத் தெரியுமே! அவ்வண்டியைக் காட்டித்தான் தாத்தா காலத்துப் போக்குவரத்தை மாணவர்களுக்குக் கற்பிக்க எண்ணியுள்ளேன்.

இலங்கையில் மோரிஸ் மைனருக்குப் புதிய உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். புதிதாகச் செய்தது என்பது குறையன்று. அந்த ஆண்டின் அமைப்புக்குப் பொருந்தினால் போதும். பாதுகாப்புக்காக விளக்கையும் சேர்க்கலாம். ஆனால், பின்னர் சேர்த்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

பொய்யான பழமையைக் காட்டுவதைவிட, கையில்லாத வெற்றிடத்தைக் காட்டுவதே மேல். தேடல் தொடர்கிறது.