தனி மருத்துவரால் ஆகாதது

நோய் மிகுந்த இடத்தில் மருத்துவம் குறைவு. நோய் குறைந்த இடத்தில் மருத்துவம் மிகுதி. இந்தக் கொடுமைக்கு 1971-ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ என்றார். சந்தையின் பிடி இறுக இறுக, இவ்விதியின் கொடுமையும் பெருகும் என ‘லான்செட்’ ஏட்டில் எழுதினார். பொதுவுடைமையாளர் அவர், ஏட்டறிவால் மட்டும் எழுதியவரல்லர். வேல்சு நாட்டின் கிளின்கோருக் என்னும் சுரங்கச் சிற்றூரில் 1961 முதல் பல்லாண்டுகள் மருத்துவம் செய்தவர். அவ்வூரின் மக்கள் தொகை ஏறத்தாழ இரண்டாயிரமே.

அங்கே அவர் கண்டதென்ன? இரத்தக் கொதிப்பு வலிப்பதில்லை. வலிக்காதவன் மருத்துவரை நாடுவதில்லை. ஒருநாள் வாதம் தாக்கியோ, மாரடைத்தோ வீழ்கிறான். அன்றுதான் நோய் வெளிப்படுகிறது. ஆகவே, வந்தவருக்கு மருந்தெழுதிவிட்டு ஓய்வதா மருத்துவம்? வாராதவரைத் தேடுவதன்றோ மருத்துவம்! 1968-இல் தொடங்கி, ஊரில் வளர்ந்தோர் அனைவரின் இரத்தக் கொதிப்பையும் அளக்க முற்பட்டார்.

இது தனியொருவரால் ஆகுமா? ஆகாது. அளக்கவும் தொடர்ந்து கவனிக்கவும் செவிலியர் வேண்டும். யார் வந்தார், யார் வரவில்லை எனப் பதிவேடு காக்க எழுத்தர் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளியின் ஒத்துழைப்பு வேண்டும். நோயாளி பழுது பார்க்கப்படும் பொறியல்லர். நலத்தைப் படைப்பதில் மருத்துவருக்குத் துணைவர் என்றார் ஹார்ட். மருத்துவமனை நடக்கும் முறையைக் கேள்வி கேட்க நோயாளிகளின் குழுவே அவ்வூரில் இயங்கியது.

விளைவு யாது? இருபத்தைந்து ஆண்டுப் பணியின் கணக்கை 1991-இல் வெளியிட்டார். ஒத்த வறுமையுடைய அண்டை ஊரைவிடக் கிளின்கோருக்கில் அகாலச் சாவுகள் குறைவு என்பது தெரிந்தது.

“அவர் தியாகி, எல்லாரும் அவராக முடியுமா?” என்பார் சிலர். நல்லுள்ளம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும் போதுமா? 1948-இல் பிறந்த தேசிய மருத்துவப் பணி, நோயாளி கட்டணம் தரும் நிலையை ஒழித்தது. ஒவ்வொரு குடிமகனும் ஒரு மருத்துவரின் பட்டியலில் இடம்பெற வழி செய்தது. பட்டியல் இருந்தமையால்தான் வாராதவர் யாரெனத் தெரிந்தது! 1966-இல் வந்த புதிய ஒப்பந்தமோ, சிறு மருத்துவர் அமர்த்தும் செவிலியர், எழுத்தர் ஊதியத்தில் 70 விழுக்காட்டைப் பொதுப்பணத்திலிருந்து அளித்தது. அதுவரை செவிலியரை அமர்த்துவது மருத்துவரின் வருவாய்க்கு இழப்பு. அதன்பின் அந்த இழப்பின் பெரும்பகுதியை நாடே தாங்கியது. சிற்றூர் மருத்துவமனைகளில் குழுக்கள் வளர்ந்ததன் மந்திரம் இதுவே.

தலைக்கு இவ்வளவு, ஊசிக்கு இவ்வளவு என்று விற்கும் இடத்தில் இது நடக்குமா? வாராதவரைத் தேடும் செவிலியரால் அங்கே ஒரு காசும் வருவதில்லையே!

தோழர்களே! நம் நாட்டில் வீடு வீடாய் நடக்கும் ஆஷா பணியாளர் ஊக்கத்தொகையை நம்பி வாழ்கிறார். கட்டடம் திறந்தால் மருத்துவம் வந்துவிட்டதென்று மயங்காதீர்! உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வாராதவரை அறியப் பட்டியல் உண்டா? தேடிச் செல்வோர்க்கு நிலையான ஊதியம் உண்டா? மக்கள் கேள்வி கேட்க அவை உண்டா? இம்மூன்றும் தானாக வாரா. கேட்டுப் பெறுவோம், போராடிப் பெறுவோம்!